சிக்கிக்கொள்ளாத துப்பாக்கி

1

போன வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் தொழிற்சாலையில் கேக் வெட்டினோம். கேக் துப்பாக்கி வடிவத்தில் இருந்தது. மேலே கறுப்புச் சர்க்கரை பூசி, பிடியில் எங்கள் கம்பெனியின் சின்னமான குதிரை லாடத்தை வெள்ளை க்ரீமில் வரைந்திருந்தார்கள். நான் சீர்செய்து கொடுத்த மாடல் கடைகளுக்கு வந்து ஐந்து ஆண்டு ஆகிறது. அதற்காகத்தான் கேக். மேனேஜர் டேல் கத்தியை என் கையில் கொடுத்து, "அலெக்ஸ், இது உன் பிள்ளை. நீயே வெட்டு" என்றார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் குழல் நுனியில் வெட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

என் பெயர் அலெக்ஸ் இல்லை. சிக்கந்தர். உத்தமபாளையத்துக்காரன். இந்தக் கம்பெனிக்கு வந்த புதிதில் என் பெயரைச் சுருக்கி "சிக்" என்று கூப்பிட்டார்கள். இங்கிலீஷில் அது நோயாளியைக் குறிக்கும். "நோயாளி எங்கே, நோயாளி சாப்பிட்டாச்சா" என்று கொஞ்ச நாள் சிரித்தார்கள். பிறகு ஆபீசில் இருந்த ஒரு அம்மாள் சிக்கந்தரும் அலெக்சாண்டரும் ஒரே பெயர்தான் என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள். அன்றிலிருந்து அலெக்ஸ். அத்தா எனக்குப் பார்த்துப் பார்த்து வைத்த பெயர் ஒரு மதிய உணவு நேரத்தில் கைமாறிப் போயிற்று.

கம்பத்தில் சின்னதாக ஒரு பத்திரிகை நடத்தும் தூரத்துத் தம்பி ஒருவர், "அமெரிக்க வாழ்க்கையப் பத்தி எழுதுங்கண்ணே. பனி, பெரிய ரோடு, பிள்ளைக படிப்பு, எல்லாம் நம்ம சனங்க படிப்பாக" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பனியைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. அது பெய்கிறது, அள்ளிப் போடுகிறோம். நான் செய்யும் வேலையைப் பற்றி எழுதுகிறேன். போடுவதும் போடாததும் தம்பியின் இஷ்டம்.

2

1996-ல் இண்டியானா மாநிலத்துக்கு வந்தேன். அத்தாவுக்கு உத்தமபாளையத்தில் கம்பம் ரோட்டின் மேல் பம்புசெட்டு ஸ்பேர் கடை. "எம் மகன் இண்டியானாவுல இருக்கான்" என்று அவர் பெருமையாகச் சொல்ல, கடைக்கு வந்தவர்கள், "இந்தியாவுக்கு வந்துட்டாகளா? எப்ப?" என்று கேட்பார்களாம். கடைசியில் சலித்துப்போய் "அமெரிக்கா" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார்.

வந்தது கார் பாகம் வார்க்கும் தொழிற்சாலைக்கு. கழுத்தில் போட்ட கயிறு மாதிரி ஒரு விசா. அதன் முனை முதலாளி கையில். அவர் இழுத்தால் ஊருக்குப் போக வேண்டியதுதான். வரிசையில் நின்று, கைரேகை வைத்து, வைத்த கைரேகை காலாவதியாகி மறுபடி வைத்து, ஒருவழியாக, இங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்னும் பச்சை அட்டை கைக்கு வந்தது. அது வந்த அடுத்த வருடமே தொழிற்சாலையை மெக்சிகோவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக் கடன், பள்ளிக்கூடம் போகும் மகள் யாஸ்மின், கூட என் மனைவி ரஹ்மத். அந்த வட்டாரத்தில் வார்ப்பு வேலை தெரிந்தவனுக்குக் கதவு திறந்திருந்த இடம் ஒன்றே ஒன்று. சட்டைப்பையில் அடங்கும் மலிவுத் துப்பாக்கி செய்யும் கம்பெனி.

இரட்டைக் கோபுரம் விழுந்து அதிக நாள் ஆகாத நேரம் அது. துப்பாக்கிக் கம்பெனியில் சிக்கந்தர் என்ற பெயரில் ஒருவன். சூட் போட்ட அரசாங்க ஆட்கள் இரண்டு பேர் பக்கத்து வீடுகளில் என்னைப் பற்றி விசாரித்துவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். நான் எந்தப் பள்ளிவாசலுக்குப் போகிறேன், அங்கே யார் யார் வருகிறார்கள், ஊருக்குப் பணம் அனுப்புகிறேனா, யாருக்கு? ரஹ்மத் டீ போட்டுக் கொடுத்தாள். குடிக்கவில்லை. அவர்கள் போனபின் அந்த இரண்டு கோப்பையையும் அவள் வெகுநேரம் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

போனில் அத்தா கேட்டார்.

"என்ன கம்பெனிலே?"

"இரும்பு சாமான் செய்யுறதுத்தா."

"மோட்டாரா?"

"அந்த மாதிரிதான்."

அத்தா ஊருக்கெல்லாம் மோட்டார் கம்பெனி என்றே சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை.

3

எங்கள் துப்பாக்கிக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. முதல் தோட்டா வெடிக்கும், இரண்டாவது சிக்கிக்கொள்ளும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிடிக்குள்ளே ஒரு கூட்டில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒன்று வெடித்ததும் அடுத்தது தானாக மேலே வந்து குழலுக்குள் போக வேண்டும். விலை உயர்ந்த துப்பாக்கியில் போய்விடும். எங்களுடையதில் பாதி வழியில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். திருப்பி அனுப்பப்பட்ட துப்பாக்கிகள் கிடங்கில் அட்டைப்பெட்டிகளில் குவிந்து கிடந்தன. "இதைச் சரி செய்" என்று டேல் என்னிடம் கொடுத்தார். சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எனக்குக் கிடைத்த முதல் சொந்தப் பொறுப்பு அது.

அதைச் சம்பளத்துக்குச் செய்யும் வேலையாக இல்லாமல் மனதோடு செய்யவைத்தவள் ஒரு பெண். பெயர் வெண்டா. ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள். ரிப்பேர் கவுண்டருக்கு நேராகவே வந்துவிட்டாள். ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையில் துப்பாக்கியைச் சுற்றி வைத்திருந்தாள். பேசும்போது தாடையின் ஒரு பக்கம் அசையவில்லை, கம்பி போட்டுக் கட்டியிருந்தது. பிரிந்துபோன புருஷன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறான். பயமுறுத்துவதற்காகச் சுவரில் ஒரு முறை சுட்டிருக்கிறாள். அவன் நிற்கவில்லை. மறுபடி அழுத்தியபோது துப்பாக்கி வெடிக்கவில்லை. மிச்சத்தை அவளுடைய முகம் சொன்னது.

"என்னால் வாங்க முடிந்தது இதுதான்" என்றாள். கத்தவில்லை. "வேலை செய்யும் என்று நம்பித்தானே விற்கிறீர்கள்?"

அத்தா கடையில் நடந்த ஒன்று எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. தேவாரம் பக்கத்துச் சம்சாரி ஒருவர் மலிவு விலையில் ஒரு பம்பு வாங்கிப் போனார். திராட்சைக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டிய சமயத்தில், கரண்டு இருந்த கொஞ்ச நேரத்தில், அது புகைந்துபோயிற்று. கொடி வாடிவிட்டது. பம்பை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கடை வாசலில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை திட்டாமல் போனார். அன்றோடு அத்தா அந்தக் கம்பெனிச் சரக்கை நிறுத்திவிட்டார். "இல்லாதவன் வாங்குற சாமான் ரிப்பேர் ஆகக் கூடாதுலே. இருக்கிறவன் வேற ஒண்ணு வாங்கிக்குவான்" என்றார்.

வெண்டாவின் துப்பாக்கியை என் மேசையில் வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த மாதங்களில் என்னை யாராவது கேட்டிருந்தால் நல்ல காரியம் செய்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். தோட்டாக் கூட்டின் வார்ப்பு, ஸ்பிரிங், உரசும் இடங்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சு. "இவுகளுக்குத் துப்பாக்கி வயித்துவலி வந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவாக போல" என்று ரஹ்மத் கேலி செய்வாள். அப்போது கேலி செய்ய முடிந்தது.

4

ரஹ்மத்தின் தம்பி ஜாபர் மேல்படிப்புக்கு என்று எங்கள் மாநிலத்துக்கே வந்திருந்தான். படிப்பு முடியும் நேரத்தில் கம்ப்யூட்டர் வேலைகள் எல்லாம் வற்றிப்போயின. ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள பெரிய ஊரில், ஒரு பெட்ரோல் பங்க் கடையில் கல்லாவில் உட்கார்ந்தான். மாணவர் விசாவில் அப்படி வேலை பார்க்கக் கூடாது. பார்க்காவிட்டால் சாப்பாடு இல்லை. முதலாளிக்கும் அது தெரியும். அதனால்தான் கூலி பாதி.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் வேலை இடத்துக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"மச்சான்."

அதற்குமேல் மூச்சுதான் கேட்டது.

"என்ன மாப்ள? எங்கன இருக்க?"

"கடையிலதான் இருக்கேன். ஒருத்தன் வந்து சுட்டுட்டான் மச்சான். எனக்கு ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகல."

நான் காரை எடுத்துக்கொண்டு போனேன். கடையைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். ஜாபர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். யாரோ அவன்மேல் ஒரு கம்பளியைப் போர்த்தியிருந்தார்கள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அவனுக்குப் பல் அடித்துக்கொண்டது. பணம் எடுக்கச் சொல்லியிருக்கிறான் வந்தவன். கல்லா திறக்கச் சற்றுத் தாமதம் ஆகியிருக்கிறது. முதல் குண்டு காதோரமாகப் போய்ப் பின்னால் இருந்த சிகரெட் அலமாரியில் பாய்ந்தது. இரண்டாவதற்கு அவன் கையை நன்றாக நீட்டி, ஜாபரின் நெஞ்சுக்கு நேராக வைத்து அழுத்தினான். வெடிக்கவில்லை. மறுபடி அழுத்தினான். குலுக்கினான். பிறகு கெட்ட வார்த்தை சொல்லித் துப்பாக்கியைக் கவுண்டர்மேல் எறிந்துவிட்டு ஓடிவிட்டான்.

"என் கைக்கிட்ட வந்து விழுந்துச்சு மச்சான். பாத்தேன். பிடியில குதிரை லாடம்." அவன் என் தலையைக் காட்டினான். நான் வேலைத் தொப்பியோடு வந்திருந்தேன். அதிலும் அந்த லாடம் இருந்தது. "ஒங்க கம்பெனிதான். அது நல்லா வேல செஞ்சிருந்தா இந்நேரம் நான் மையத்து."

அவன் அழுதுகொண்டே சிரித்தான். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அல்லா ஒங்க கம்பெனிய மோசமா வச்சிருந்தான் மச்சான்" என்றான்.

மறுநாள் டேலிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. நெஞ்சில் கை வைத்து, "கடவுளே, பையன் நலமா?" என்றார். இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள் என்றார். நான் கதவுவரை போனதும் கூப்பிட்டார்.

"அலெக்ஸ், அந்தத் துப்பாக்கி போலீசிடம்தானே இருக்கிறது? எந்த இடத்தில் சிக்கியது என்று பார்க்க முடிந்தால் நமக்கு ரொம்ப உதவியாக இருக்கும்."

என் சங்கடம் என்னவென்றால், அவர் சொல்வதற்கு முன்பே அந்த எண்ணம் எனக்கும் வந்திருந்தது.

5

ஜாபர் எங்கள் வீட்டில் வந்து தங்கினான். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் சோபாவுக்குப் பின்னால் போய்விடுவான். போலீஸ் அறிக்கையில் அவன் பெயரும், கல்லாவில் வேலை செய்பவன் என்பதும் எழுதப்பட்டிருந்தன. கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அலுவலகம் வந்து பார்க்கச் சொன்னது. எதற்கு என்று சொல்லவில்லை. சுட்டவன் பிடிபடவில்லை. சுடப்பட்டவன் ஒளிந்துகொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான்.

"மச்சான், அந்த ரிப்பேரு வேல இன்னும் செய்யுறீகளா?"

"செய்யுறேன்."

"விட்ருங்க."

"நான் விட்டா வேற ஒருத்தன் செய்வான்."

"செய்யட்டும். நீங்க விட்ருங்க."

வெண்டாவைப் பற்றிச் சொன்னேன். அவள் தாடையைப் பற்றி, ரொட்டிப் பையைப் பற்றி. அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அந்த அம்மாவுக்கு வேல செய்யணும், எனக்கு வேல செய்யக் கூடாது. அதுக்கு வழி இருக்கா?"

"துப்பாக்கிக்கு ஆளு தெரியுமா மாப்ள?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

ரஹ்மத் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "எந்தம்பி உசுரோட ஒக்காந்து சோறு திங்கிறான். அது ஏன்னு ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் நாளைக்குப் போயி அதச் சரி பண்ணுவீக. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலங்க."

யாஸ்மினுக்கு எங்கள் பேச்சு பாதிதான் புரிந்தது. வேகமான தமிழ் அவளுக்கு அப்போதே பிடிபடாது. இங்கிலீஷில் கேட்டாள், "மாமாவைச் சுட்டது அப்பாவா?" அவள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

வேறு வேலை தேடவில்லையா என்று கேட்பீர்கள். தேடினேன். இரண்டு இடத்தில் இன்டர்வியூ வரை போனேன். முழுப்பெயரைக் கேட்டதும் அவர்கள் முகத்தில் ஏற்பட்ட மரியாதையான மாற்றத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். குடியுரிமைக்கு இன்னும் வருடங்கள் இருந்தன. வீட்டுக் கடன் இருந்தது. டேல் என்னை நம்பினார். இத்தனையும் உண்மை. இன்னொன்றும் உண்மை. அந்தக் கோளாறின் நுனியை நான் பிடித்துவிட்டிருந்தேன். பிடித்ததை விட்டுவிட்டு வர எனக்குத் தெரியாது.

குளிர்காலம் முடிவதற்குள் ஜாபர் ஊருக்கே போய்விட்டான். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டான். வசந்தத்தில் புது மாடல் தயாரானது. பரிசோதனைக் கூடத்தில் பெட்டி பெட்டியாகச் சுட்டுப் பார்த்தார்கள். ஒன்றுகூடச் சிக்கவில்லை. டேல் என்னைத் தூக்காத குறையாகக் கொண்டாடினார். வெண்டாவுக்கு முதல் பெட்டியிலிருந்து ஒன்றைக் கொடுத்தோம். தாடை ஓரளவு சரியாகியிருந்தது. கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள என் கை கூசவில்லை. இன்றும் கூசவில்லை.

6

அடுத்த ஆண்டு ஜாபருக்கு உத்தமபாளையத்தில் நிக்காஹ். மூவரும் போனோம். மதுரையில் இறங்கி, ஆண்டிபட்டி கணவாய் தாண்டிக் கார் இறங்கும்போது எதிரே மலையும் பச்சையும் தெரிந்தன. ரஹ்மத் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாஸ்மின் காதில் பாட்டு மாட்டியிருந்தாள்.

கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் யாரோ யாஸ்மினை மடியில் இழுத்து உட்காரவைத்து, "ஒங்க அத்தா அங்கன என்ன வேல பாக்குறாக கண்ணு?" என்று கேட்டிருக்கிறார்கள். பதினொரு வயதுப் பெண். தனக்குத் தெரிந்த தமிழைச் சேர்த்துக் கட்டி அவள் சொன்ன பதில்: "அத்தா துப்பாக்கி செய்யுறாக. முன்னாடி அது சுடாது. இப்ப அத்தா சுட வச்சாக. மாமாவ சுட்டுச்சு."

பந்தி முடிவதற்குள் அந்த வாக்கியம் ஆண்கள் பக்கம் வந்துவிட்டது. பிரியாணித் தட்டோடு என் எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு பெரியவர் மட்டும் நேராகவே கேட்டார், "துப்பாக்கியா தம்பி? மோட்டாருன்னுல்ல ஒங்கத்தா சொன்னாக?" அத்தா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

நாங்கள் திரும்பிய சில மாதங்களில் ஊரில் அத்தாவைத் தேடி இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண உடை, தேனியிலிருந்து மோட்டார் சைக்கிளில். யார் போய்ச் சொன்னார்கள் என்பது இன்றுவரை தெரியாது. உங்கள் மகன் எந்த நாட்டில், யாருக்காகத் துப்பாக்கி செய்கிறார், இங்கே யாருக்காவது அனுப்பினாரா, பள்ளிவாசலுக்கு நன்கொடை கொடுக்கிறாரா? சூட் போட்டவர்கள் எங்கள் வீட்டில் கேட்ட அதே கேள்விகள். பாஷை மட்டும் வேறு. பிறகு தேனியில் போலீஸ் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். காலையில் போய் பெஞ்சில் உட்கார வேண்டும், சாயங்காலம் அனுப்புவார்கள். மறுபடி வரச் சொல்வார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. எழுபதை நெருங்கும் மனிதரை உட்காரவைத்தார்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் போகும்போது தெரிந்தவர்கள் "எங்கன கிளம்பிட்டீக?" என்று கேட்பார்கள். "கண்ணாசுபத்திரிக்கு" என்று சொல்லிப் பழகிக்கொண்டார்.

கம்பெனியிலிருந்து ஒரு சான்று அனுப்பச் சொன்னார். ஆபீஸ் அம்மாள் அன்போடு அடித்துக் கொடுத்தாள். எங்கள் பொருளின் தரத்தை வெகுவாக உயர்த்தியவர் அலெக்ஸ் சிக்கந்தர் என்று. தாளின் தலையில் பெரிதாகத் துப்பாக்கிப் படம். அத்தா அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

"அலெக்ஸ் யாரு?" என்று கேட்டார்களாம்.

"எம் மகன்தாங்க."

"ஏன் ரெண்டு பேரு?"

அந்தக் கேள்விக்கு இன்னும் இரண்டு நாள் பெஞ்சு.

பிறகு ஒரு நாள் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தா அதற்குப் பிறகு கடைக்குப் போய் உட்காரவில்லை. கடையை வாடகைக்கு விட்டுவிட்டார். இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள்.

7

அரசாங்கம் ஒரு குற்றத்தில் துப்பாக்கி கைப்பற்றினால் அதன் எண்ணை வைத்துச் செய்த கம்பெனியைக் கேட்கும். இதை எந்த மொத்த வியாபாரிக்கு விற்றீர்கள்? அவரிடமிருந்து எந்தக் கடைக்குப் போனது? எங்கள் ஆபீசில் அந்த போனை எடுப்பவள் லிண்டா. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் மேசை, இந்தப் பக்கம் என்னுடையது. எதிர்முனையில் சொல்லும் எண்ணை அவள் சத்தமாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பாள். என் மாடலின் எண்கள் 'கே' என்ற எழுத்தில் தொடங்கும். முதல் ஓராண்டு 'கே' வரவில்லை. பிறகு எப்போதாவது வந்தது. 2008 அதிபர் தேர்தல் முடிந்த குளிர்காலத்தில் ஊரெல்லாம் வேலை போய்க்கொண்டிருக்க, துப்பாக்கிக்குத் தடை வரும் என்று பயந்துபோன சனம் துப்பாக்கி வாங்கக் கடைகளில் வரிசையில் நின்றது. எங்களுக்கு மட்டும் மூன்று ஷிப்ட். அதற்குப் பிறகு 'கே' சாதாரணமாயிற்று.

எதற்காகக் கேட்கிறார்கள் என்று சொல்லமாட்டார்கள். கொலையாக இருக்கலாம், கார் டிக்கியில் சும்மா கிடந்ததாகவும் இருக்கலாம். லிண்டாவும் கேட்பதில்லை. நகம் வெட்டிக்கொண்டே எண்ணைத் தட்டுவாள்.

போன வருடக் கடைசியில் ஒரு 'கே' வந்தது. லிண்டா ஊர்ப் பெயரையும் திருப்பிச் சொன்னாள். ஜாபர் வேலை பார்த்த ஊர். அன்று சாயங்காலம் அந்த ஊர்ப் பத்திரிகையைத் தேடிப் படித்தேன். அந்த வாரம் ஒரு பலசரக்குக் கடையில் கல்லாவில் இருந்தவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். குஜராத்துக்காரர், இரண்டு குழந்தைகள். மூன்று குண்டுகள். சிறிய கைத்துப்பாக்கி என்று போட்டிருந்தது, எந்தக் கம்பெனி என்று போடவில்லை. லிண்டாவின் எண்ணும் அந்தச் செய்தியும் ஒன்றா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. யாரிடம் போய்க் கேட்பது, எந்த உரிமையில் கேட்பது? ரஹ்மத்திடம் சொல்லவில்லை. பதினைந்து வயது யாஸ்மின் வீட்டில் தமிழ் பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அப்பா கார் பாகம் செய்கிறார் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள் என்று அவள் தோழியின் தாயார் மூலமாகத் தெரிந்தது.

8

இந்த ஜனவரியில் அத்தாவுக்கு உண்மையிலேயே கண் ஆபரேஷன். நான் மட்டும் போனேன். கட்டுப் போட்ட கண்ணோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பெஞ்சுல ஒக்கார வச்சு ஒரு கேள்வி கேட்டாகலே. ஒங்க மகன் யாருக்குத் துப்பாக்கி செய்யுறாருன்னு. எனக்குப் பதில் தெரியல. யாருக்கு?"

"வாங்குறவுகளுக்கு அத்தா."

"யாரு வாங்குவாக?"

"யாரு வேணும்னாலும்."

"நான் பம்பு வித்தேன். வாங்குனவன் தண்ணி எறச்சான். எனக்குத் தூக்கம் வந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு சொட்டு மருந்து போட நேரமாயிற்றா என்று கேட்டார்.

ஜாபர் கம்பத்தில் திராட்சைக் கமிஷன் கடை வைத்திருக்கிறான். கேரள வியாபாரிகளோடு மலையாளத்தில் பேரம் பேசுகிறான். உடம்பு பூசினாற்போல் இருக்கிறான். நான் போனபோது லாரியில் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. "வாங்க மச்சான்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ வந்தது. பிள்ளைகளைப் பற்றி, பழ விலையைப் பற்றி, தண்ணீர் திறப்பதைப் பற்றிப் பேசினோம். அந்தப் பத்திரிகைச் செய்தியை யாரிடமாவது இறக்கிவைக்க வேண்டும் என்றிருந்தது. அதைத் தாங்கக்கூடிய ஆள் இவன் ஒருவன்தான் என்று நினைத்தேன். சொன்னேன். அது எங்கள் துப்பாக்கி என்று நிச்சயமில்லை என்பதையும் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

ஜாபர் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"எம்புட்டுக் குண்டு?"

"மூணுன்னு போட்ருந்துச்சு."

"மூணும் வெடிச்சிருக்கு."

நான் என் கிளாசை அவன் கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"எனக்கு ஒண்ணுதான் மச்சான் வந்துச்சு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றை மறுபடி ஒருமுறை சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னான். அதற்குள் லாரிக்காரர் வெளியிலிருந்து கூப்பிட்டார். அவன் எழுந்து போய்ப் பெட்டிகளுக்குமேல் வைக்கோலைப் பரப்பி, கயிற்றை இழுத்துக் கட்ட ஆரம்பித்தான். நான் காத்திருந்தேன். லாரி கிளம்பியது. அடுத்த லாரி வந்து நின்றது. அவன் அதற்கும் பெட்டி ஏற்றப் போனான்.